வாய் திறக்கக் கூடாத வரவேற்பு

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம். தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கணக்கு விரிவுரையாளராக எனக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததைவிட, வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வீடும் தருகிறார்கள் என்று கேட்டபோதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் நானும் அப்பாவும் விழுப்புரத்தை விட்டுப் பல்லாவரத்துக்கு வந்திருந்தோம். அம்மா நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா, அவ்வளவுதான் குடும்பம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவர், சும்மா பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும். அப்படிப்பட்டவருடைய நெஞ்சில்தான் காசநோய் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் டி.பி. என்று வாயால் சொல்லவே மாட்டார்கள். 'நெஞ்சுச் சளி' என்பார்கள், 'உடம்பு இளைச்சுப் போச்சு' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா இருமத் தொடங்கினால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். அப்பாவும் புரிந்துகொண்டு தலையணையில் வாயைப் புதைத்து இருமுவார். காற்று வேண்டும், காற்று வேண்டும் என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். எங்கள் வீட்டிலோ சித்திரை வெயிலில்கூட எல்லா ஜன்னலும் சாத்தித்தான் கிடந்தது.

இவ்வளவு செய்தும் மாத்திரை உறை ஒன்று வீட்டுக்கார அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு எங்களுக்கும் சேர்த்துக் கரும்பு வாங்கியவர். மறுநாள் வந்து, மகள் பிரசவத்துக்கு வருகிறாள், வீடு வேண்டும் என்றார். அவருக்கு மகளே கிடையாது, இரண்டும் பையன்கள். அதை நான் கேட்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதே வாரத்தில் அப்பாவுக்கு நோய் முற்றி, தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்கினால் இருக்கும் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நான் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒண்டிக்கொண்டேன்.

ஆகவே வளாகத்தில் எனக்குக் கொடுத்த மாடி வீட்டின் சாவியைக் கையில் வாங்கியபோது ஒரே ஒரு தீர்மானம்தான் மனசில் இருந்தது. அப்பா டிஸ்சார்ஜ் ஆகி இங்கேதான் வரப்போகிறார், அவர் எங்கிருந்து வருகிறார் என்பது இங்கே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் இந்த வீடும் போய்விடும். அதற்கப்புறம் அந்த மனுஷனை அழைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

இப்போது அந்த வளாகத்தின் வினோதமான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வந்து சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரு வரவேற்புத் தேநீர் வைப்பார்கள். அன்றைக்குப் புதியவர்கள் தங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன வருஷம் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் எழுந்து, 'இவர் இன்னார், இவர் குடும்பம் இப்படி, இவருக்கு இன்னது பிடிக்கும்' என்று சபைக்குச் சொல்ல வேண்டும். புதியவர் தப்பித் தவறி வாய் திறந்துவிட்டால் அடுத்த தேநீர்ச் செலவு முழுக்க அவர் தலையில். பட்டத்தையும் படிப்பையும் தானே சொல்லிக்கொண்டால் அது விளம்பரம், பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னால்தான் அது அறிமுகம் என்பது அங்கிருந்த பழைய ஆட்களின் கட்சி.

அப்படி அறிமுகப்படுத்தப் போகிறவரை 'மாப்பிள்ளைத் தோழன்' என்பார்கள். வந்த நாளிலிருந்து அவர் கூடவே வருவார். பால் எங்கே வாங்குவது, ரேஷன் கார்டை எப்படி மாற்றுவது, எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எல்லாம் சொல்லித் தருவார். நடுநடுவே நைசாக நம்மைப் பற்றித் துருவுவார். சபையில் யார் அதிகம் சிரிக்க வைப்பது என்று தோழர்களுக்குள் போட்டி வேறு. அதற்கு முந்தைய வருஷம் ஒருவர், பக்கத்து வீட்டுப் புது ஆளின் குறட்டையைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டு வைத்து, அதை மேடையில் செய்தே காட்டினாராம். இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் இருமல்தான் ஞாபகம் வந்தது.

எனக்கு வாய்த்த தோழர் விலங்கியல் துறையில் இருந்தவர். என்னைவிட வயதில் சின்னவர். சேலையூருக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரர், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர். எங்க நிலத்துல மொதல்ல நெல்லு வெளைஞ்சுது, இப்ப மனை வெளையுது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வகுப்பில் சுத்தமாகப் பேசுவார், வெளியே வந்தால் 'இன்னா மேடம், வூட்டுக்குக் கொசுவலை வாங்கிட்டீங்களா?' என்று ஆரம்பித்துவிடுவார். வாய் ஓயாது. அவருடைய சைக்கிளைப் பார்த்தாலே நான் வேறு பாதையில் திரும்புவேன். பாவம், என் கேஸ் சிலிண்டருக்காகத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் அலைந்தவர் அவர்தான். ஆனாலும் எனக்குப் பயம்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அப்பா வைத்தியத்துக்காக ஓரிடத்தில் இருக்கிறார், அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று முடித்துக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை. சாயங்காலம் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, பிளாஸ்க்கை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பேன். குரோம்பேட்டையில் தோழருடைய அக்கா வீடு இருந்தது என்பதும், அவரும் அதே ட்ரெயினில் போகிறவர் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்துக்குடி இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். அடுத்த பெட் ஆளைப் பார்க்க வந்த ஒரு தம்பி கொடுத்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது, டிக்கெட் இல்லாத ஆளைக் கண்டும் காணாமல் விட்ட கண்டக்டர் மாதிரி எங்கேயோ பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் அன்றைக்குத்தான், சளியில் கிருமி இல்லை, இனிமேல் யாருக்கும் ஒட்டாது, மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வரவேற்பு நாள் வந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள ஹால். புதியவர்களுக்கு முன்வரிசை. எதிரே எல்லாத் துறை ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும். எனக்கு நேர் எதிரில் எங்கள் கீழ் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். சரித்திரப் பேராசிரியரின் மனைவி. சுத்தத்தில் புலி. பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் வீட்டுக்குள் எடுத்துப் போவார். ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் இவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த ஆள்.

என் முறை வந்தது. தோழர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பெண்ணுக்கு எதுக்குய்யா மாப்பிள்ளைத் தோழன் என்று யாரோ கலாட்டா செய்ய, சிரித்துக்கொண்டார். என் கணக்கைப் பற்றிப் பேசினார். சைக்கிளைக் கண்டால் நான் ஓடுவதைச் சொன்னார், ஹால் சிரித்தது, நானும் சிரித்தேன். இதோடு போய்விடும் என்று மூச்சு விட்டேன். அப்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

"இவங்க அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். இங்க பக்கத்துலதான் இருக்கார், சானடோரியத்துல, டி.பி. ஆஸ்பத்திரியில. அடுத்த மாசம் நம்ம கூட வந்துடுவார்."

அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருந்ததால் பயிற்சி விமானங்கள் எந்நேரமும் தலைக்கு மேல் சுற்றும். வகுப்பில் பாதி வாக்கியத்தில் விமானம் வந்தால் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நிற்போம், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அங்கே எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அன்றைக்கும் மொத்த ஹாலும் அப்படியே நின்றது. யாரும் பேச முடியாது, கூரைத் தகடு கடகடவென்று ஆடுகிறது, எல்லாக் கண்ணும் என் மேல். என் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியை லேசாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்குப் பல்லாவரத்துச் சாத்திய ஜன்னல்தான் கண் முன்னால் வந்தது. எழுந்து, அதெல்லாம் இல்லை, அவர் தப்பாகச் சொல்கிறார் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நான்தான் வாயைத் திறக்கக் கூடாதே. படுபாவி விமானம் போகவே மாட்டேன் என்றது.

சத்தம் அடங்கியது. தோழர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார், கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்பது வரைக்கும். மனுஷன் டாக்டரையும் போய்ப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்குச் சாயங்காலம் யாரோடாவது பேசாவிட்டால் தூக்கம் வராது, அதனால் பேச ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை.

கீழ் வீட்டு அம்மா எழுந்து நின்றார்.

"அவரால மாடி ஏற முடியுமா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தோழரைத்தான் கேட்டார். விதி அப்படி.

"மெதுவா ஏறுவாரும்மா" என்றார் அவர்.

"மெதுவா எல்லாம் ஒண்ணும் ஏற வேண்டாம். எங்களுக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. நாங்க மேல போயிடறோம், அவங்க கீழ வரட்டும்."

சரித்திரப் பேராசிரியர் திடுக்கிட்டுப் போய் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகு அவரும் தலையை ஆட்டினார். ஹாலில் சிரிப்புக் கிளம்பியது, பின்வரிசையிலிருந்து யாரோ கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். அழுதால் அபராதம் உண்டா என்று விதியில் சொல்லவில்லை. டீயைக் கொண்டுவந்து என் கையில் வைத்த கீழ் வீட்டு அம்மா, "குடி, ஆறிப் போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

இப்படி ஒரு நல்லது நடந்தால் யாராக இருந்தாலும் நன்றி சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தால் கோபம்தான் முதலில் வெளியே வரும், அப்படி ஒரு பிறவி நான். திரும்பி வரும் வழியில் வேப்ப மரத்தடியில் தோழரை நிறுத்திப் பிடி பிடி என்று பிடித்தேன். என் வீட்டு விஷயத்தைச் சபையில் போட்டு உடைக்க நீங்கள் யார், அந்த அம்மா எழுந்திருக்காமல் போயிருந்தால் என் கதி என்ன, கை தட்டல் வாங்க என் அப்பாவின் நோய்தான் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டேன். வாய் ஓயாத அந்த மனிதர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நாளைக்கு அப்பாவைக் கேளுங்க அக்கா."

அதுவரை மேடம் என்றவர் அன்றுதான் முதல் தடவையாக அக்கா என்றார்.

மறுநாள் போனேன். அப்பா வார்டுக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே, விஷயம் வந்து சேர்ந்தாச்சா என்பது போல ஒரு சிரிப்பு. நான் நின்றபடியே கேட்டேன், அந்த ஆள் எப்படி இங்கே வந்தார், அவரிடம் ஏன் எல்லாவற்றையும் சொன்னீர்கள் என்று.

"நான்தான் சபையில சொல்லச் சொன்னேன்" என்றார் அப்பா. "ட்ரெயின்ல நீ இங்க இறங்கறதப் பாத்துட்டு ஒரு நாள் தேடி வந்துச்சு அந்தத் தம்பி. முடியாதுன்னுதான் சொல்லிச்சு. மகளைக் கேக்காம சொல்ல மாட்டேன்னுச்சு. நான்தான் விடல. நோவு எனக்கு. சொல்றதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

அப்படியென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அப்பா ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தார்.

"உன்னைக் கேட்டிருந்தா நீ எழுந்து போயி ஜன்னலைச் சாத்தியிருப்ப. எனக்கு ஜன்னலைத் தொறந்து வெச்சிக்கிட்டு இருமணும்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கூட்டமான பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு இடம் கேட்பது போல, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். பல்லாவரத்தில் நான் சாத்திய ஒவ்வொரு ஜன்னலும் அவருக்காகத்தான் என்று அந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுளையைத் தின்றேன்.

வீடு மாறும் நாளில் தோழர்தான் முன்னால் நின்றார். அவர் மூட்டை தூக்க, நான் பின்னாலேயே போய், அன்றைக்குக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன் என்று முணுமுணுத்தேன். அதுக்கு இன்னா இப்ப, அந்த ஆட்டுக்கல்லு எங்க கீது சொல்லுங்க என்றார். மன்னிப்புக் கேட்பதில் எனக்கு இருந்த சிரமத்தை அவர் அதோடு தீர்த்துவிட்டார்.

அப்பா வந்தார். முதல் நாள் சாயங்காலமே இருமல் வந்தது. பழைய பழக்கம், நான் அடுப்படியிலிருந்து ஓடினேன், கை தானாக ஜன்னல் கதவுக்குப் போய்விட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன். அவர் வெளியே தெரியும் வேப்ப மரத்தைப் பார்த்தபடி, மறைக்காமல், நிதானமாக, நெஞ்சு நிறைய இருமினார். மாடியிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"என்ன, கண்டக்டர் சார் வந்தாச்சா? ரசம் அனுப்பறேன், சூடா குடிக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு எல்லாமே இனித்தது என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டு வழியாக நடக்காமல் சுற்றிப் போன ஒன்றிரண்டு பேர் கடைசி வரை சுற்றித்தான் போனார்கள். ஒரு பேராசிரியர் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட்டதே இல்லை. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. இறங்கினவன் இறங்கட்டும், ஏறினவன் இருக்கட்டும் என்பார். சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மாடியிலிருந்து சரித்திரப் பேராசிரியர் இறங்கி வருவார், விலங்கியல்காரர் சைக்கிளைச் சாத்துவார். பேச்சு சூடு பிடிக்கும்போது தலைக்கு மேல் விமானம் வரும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அது கடந்து போனதும் அப்பா, பழைய ஞாபகத்தில், 'ரைட், ரைட்' என்று குரல் கொடுப்பார். அப்புறம்தான் பேச்சு மறுபடி நகரும்.

அடுத்த வருஷம் நான் ஒரு புதுப் பெண்ணுக்குத் தோழியானேன். எல்லோரையும் போலத் துருவாமல் நேராகவே அவளிடம், உன்னைப் பற்றி எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவரையும் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன் என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விளக்கம் சொல்ல எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

அப்பா அந்தக் கீழ் வீட்டில் பல வருஷம் இருந்தார். நோய் முழுக்கக் குணமாகி, மாத்திரையெல்லாம் நின்று, வெகு காலம் கழித்து வயசாகித்தான் போனார். போகும்போதும் அந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது. விலங்கியல்காரர் இன்றைக்கும் எனக்குத் தம்பி. நானும் ஓய்வு பெற்று, அதே தாம்பரம் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது இருமினால் என் கை தானாக ஜன்னல் பக்கம்தான் போகிறது, ஆனால் இப்போதெல்லாம் அது திறப்பதற்காகப் போகிறது.